படத்தில் தெரிந்த புடவை

எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், ஆறு வருஷம் ஒரு படம் மாட்டியிருந்தது. எங்கள் வீட்டின் படம்தான். வீடு கட்டி முடிப்பதற்கு முன்பே நான் கம்ப்யூட்டரில் செய்தது. திருத்தணி மலை மேலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டின் பின்பக்கம் எப்படித் தெரியுமோ அப்படி. இளம் சந்தன நிறத்தில் மாடிச் சுவர், அதன் மேல் தொங்கும் ஒரு அரக்குச் சிவப்புப் புடவை. வருகிறவர்கள் எல்லோரும் வீட்டை விட்டுவிட்டு அந்தப் புடவையைத்தான் கேட்பார்கள். அண்ணா பெருமையாக விளக்கம் சொல்லுவார். நான் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

புடவை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் மலைக்கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைக்கிற குடும்பம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே பரிசாரகராக இருந்தார். விடிவதற்கு முன் குளித்து, ஈர வேட்டியோடு மலையேறினால் உச்சிக்கால பூஜைக்கு நைவேத்தியம் கொடுத்த பிறகுதான் கீழே இறங்குவார். நடுவில் வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் என்ன செய்வது? முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறிப் போய்ச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. போனாலும், யார் மேலும் படாமல் மடியாக இருப்பவரிடம் ஊரெல்லாம் சுற்றி வந்தவன் போய் நிற்க முடியாது.

அதற்காக எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. மடைப்பள்ளிக்குப் பின்னால் கஞ்சி வடிக்கிற இடத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் உண்டு. அங்கே நின்றால் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். வீட்டில் ஆள் தேவை என்றால் பின்பக்கச் சுவரில் புடவையைத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். கோடி வீட்டுக்காரர்களுக்குப் பச்சை, எதிர் வரிசையில் இருந்தவர்களுக்கு மஞ்சள், எங்களுக்கு அரக்குச் சிவப்பு. கொடி போடுவது என்போம். கஞ்சி வடிக்கும்போது அப்பா கீழே ஒரு பார்வை பார்ப்பார். சிவப்பு தெரிந்தால் கூட இருப்பவரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பள்ளியில் படித்தபோது, கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டேன். அம்மா கொடி போட்டார். நான் அழுது முடிப்பதற்குள் அப்பா வாசலில் நின்றார். அப்போதிருந்த பழைய வீட்டின் பின்சுவர் வெறும் சுண்ணாம்பு அடித்த சுவர். வருஷா வருஷம் பொங்கலுக்கு அப்பாவே அடிப்பார். அது ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அம்மா போன பிறகு அந்தப் புடவை மன்னியிடம் வந்தது. மன்னி, அண்ணாவின் மனைவி. நான் டிப்ளமோ படித்த மூன்று வருஷமும் எனக்கு விடியற்காலையில் டிபன் கட்டிக் கொடுத்தவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோக, மடைப்பள்ளி வேலை அண்ணாவுக்கு வந்தது. அப்பாவைக் கூடத்தில் கட்டிலில் போட்டோம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் மன்னிதான். நான் கரண்டி பிடிக்கவில்லை. அரக்கோணத்தில் ஒரு என்ஜினீயரிடம் வீட்டு பிளான் வரைகிற வேலைக்குப் போனேன். அங்கே எனக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த இரண்டு மூன்று வருஷங்களில், கட்டாத வீட்டைக் கட்டினதுபோல் படமாகக் காட்டுகிறவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று நினைப்பு. கனகம்மாசத்திரத்தில் ஒரு ஹோட்டல்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அந்த ஹோட்டலுக்குக் கடைசியில் என்ன நிறம் அடித்தார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

பழைய வீட்டை இடித்துவிட்டு மாடியோடு கட்டுவதென்று அண்ணா முடிவு செய்தபோது, படம் நான் போடுகிறேன் என்று குதித்தேன். சமையலறை எங்கே, பூஜை அலமாரி எங்கே என்று அண்ணா ஆயிரம் சொன்னார். மன்னி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பின்பக்கச் சுவர் மட்டும் பழையபடி வெள்ளையா இருக்கட்டும்டா. கொடி தெரியணுமோல்லியோ."

"வெள்ளைன்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் மன்னி. லேசா சந்தனக் கலர் போடறேன். சிவப்பு அதுல இன்னும் எடுப்பா தெரியும்."

"எனக்கென்ன தெரியும். தெரிஞ்சா சரி."

தெரியும் என்று நிரூபிக்கத்தான் அந்தப் படத்தைச் செய்தேன். மலை மேலிருந்து பார்க்கிற கோணத்தை வைத்தேன். சாஃப்ட்வேரில் சூரியனை நாம்தான் ஏற்றவேண்டும். பத்து மணி வெயில்போல ஒன்றை ஏற்றினேன். அது எரியோ எரியென்று எரிந்தது. பெயிண்ட் கம்பெனியின் நிற அட்டையில் இருந்த இளம் சந்தனத்தின் எண்களைச் சுவருக்குக் கொடுத்தால், படத்தில் சுவர் வெள்ளை வெளேரென்று வந்தது. ஆஸ்பத்திரிச் சுவர். எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் அடர்த்தியாக்கினேன். அப்போதும் வெளுப்புதான். இன்னும் அடர்த்தியாக்கினேன். இப்படியே நாலைந்து தடவை போய், கடைசியில் திரையில் நான் மனதில் வைத்திருந்த சந்தனம் அச்சாக வந்து நின்றது.

தப்பு எங்கே என்று இப்போது ஒரு வரியில் சொல்லிவிடலாம். திரையில் கண்ணுக்குத் தெரிந்தது சந்தனம். அதை வரவழைப்பதற்காக நான் உள்ளே ஊட்டியிருந்தது ஏறக்குறைய செங்கல். நடுவில் இருந்த பொய்ச் சூரியன் அதை வெளுத்துக் காட்டியது. வாயில் கற்கண்டைப் போட்டுக்கொண்டு காபியில் சர்க்கரை பார்க்கிறவன், போதவில்லை போதவில்லை என்று அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பான். நான் அதைத்தான் செய்தேன். சூரியனைக் குறைத்திருக்கவேண்டும். அட்டையில் இருந்த எண்ணைத் தொட்டிருக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு வெகு நாள் ஆயிற்று. அன்றைக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, இருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அரக்கோணத்தில் பிரின்ட் எடுத்தபோது முதல் பிரதி மங்கலாக, சிவப்புத் தட்டி வந்தது. புடவை எங்கே இருக்கிறதென்று தேடவேண்டியிருந்தது. கடைக்காரரிடம் எகிறினேன். உங்கள் மிஷின் சரியில்லை, என் திரையில் இப்படி இல்லை என்று சத்தம் போட்டேன். அவர் பாவம், மறுபேச்சுப் பேசாமல் வெளுக்க வைத்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். அந்த முதல் பிரதியை அங்கேயே கிழித்துப் போட்டேன். தற்செயலோ என்னவோ, கடைசியில் எங்கள் வீட்டுச் சுவர் அந்தக் கிழித்துப்போட்ட பிரதியைப் போலத்தான் இருந்தது.

அண்ணா படத்தைப் பார்த்து அசந்துபோனார். "மலையிலேர்ந்து பார்த்தா இப்படியேதாண்டா இருக்கும்! கஞ்சித் தொட்டிகிட்ட நின்னுண்டு நீ எப்படா போட்டோ பிடிச்சே?" என்றார். உடனே கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்துவிட்டார்.

பெயிண்ட் அடிக்க கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் உள்ளே ஊட்டியிருந்த அந்த அடர்ந்த எண்ணுக்குப் பக்கத்தில் அட்டையில் எது வருகிறதோ அதன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் கோட்டு அடித்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இன்னா சார் இது, செங்கலாட்டம் கீது? நீங்க காட்ன படத்துல வேற மாரி இருந்துச்சே?"

"காய்ஞ்சா வெளுத்துடும். அடிங்க."

"எமல்ஷன் காஞ்சா இன்னும் அடர்த்தியாதான் சார் ஆவும். வெளுக்காது. ஒரு தபா நம்பரைப் பாத்துக்கோங்க."

"கம்ப்யூட்டர்ல பார்த்து எடுத்த நம்பருங்க. நீங்க அடிங்க."

அவர் சீட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "சரி, நமக்கு இன்னா. நீங்க சொல்றீங்கோ, நான் அடிச்சிகினு போறேன்" என்று பிரஷ்ஷை எடுத்தார். அந்த மனிதரிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது.

காய்ந்த பிறகு பார்த்தேன். எனக்கே திக்கென்றது. ஆனால் அதைக் காட்டிக்கொள்வேனா? கிட்டத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும், தூரத்தில் வெயிலில் பார்த்தால் படம் மாதிரியே தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மன்னி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"ஒரு தரம் கொடியைப் போட்டுட்டு, நீ மேல போய்ப் பார்த்துட்டு வரியாடா?"

"எதுக்கு மன்னி? அதான் படத்துலயே பார்த்தாச்சே. சும்மா சும்மா சந்தேகப்படாதீங்கோ."

வார்த்தையைவிடக் குரல்தான் மோசம். அப்படி ஒரு எரிச்சல். மன்னி அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முந்நூற்று அறுபத்தைந்து படி. இருபத்தாறு வயதுக்காரனுக்கு அது ஒரு ஏற்றமா? ஏறியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு டப்பா வெள்ளை பெயிண்டோடு முடிந்திருக்கும்.

அண்ணாவுக்கோ சந்தோஷம். "சுத்தி எல்லா வீடும் வெள்ளை, நீலம்னு இருக்கு. நம்மாத்துச் சுவர் மட்டும் மேலேர்ந்து தனியாத் தெரியறதுடா" என்றார். சுவர் தெரிந்தது, வாஸ்தவம்தான்.

கிரகப்பிரவேசம் முடிந்து எட்டு மாதம் கொடி போடவேண்டிய அவசரம் எதுவும் வரவில்லை. டெலிபோனுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம், இன்னும் வந்தபாடில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும், அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வீட்டில் மன்னி மட்டும்தான். அப்பாவுக்குப் பேச்சு குழறும், ஆனால் அன்று தெளிவாகவே "பெரியவன்... பெரியவன்" என்றாராம். மன்னி மாடிக்கு ஓடிக் கொடி போட்டுவிட்டு வந்து, அப்பா தலையை மடியில் வைத்துக்கொண்டார். அப்படியே விட்டுவிட்டு அக்கம்பக்கம் போய்க் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. இதோ வந்துடுவார், கொடி போட்டாச்சு, இதோ இறங்கிண்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அப்பாவுக்கும் அது போதுமாக இருந்தது. முப்பது வருஷம் அந்தப் புடவையைப் பார்த்து இறங்கி வந்தவர் அல்லவா? வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றே கால் மணிநேரம். அண்ணா வரவில்லை. மன்னிதான் வாயில் கங்கை ஜலம் விட்டார்.

அடங்கின பிறகு, இனி எதற்கு என்று மாடிக்குப் போய்ப் புடவையை எடுத்து மடித்து உள்ளே வைத்தார். அதன் பிறகுதான் வாசலுக்கு வந்து அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணா உச்சிக்கால நைவேத்தியம் கொடுத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு, பிரசாத வாளியோடு வந்து சேர்ந்தார். வாசலில் கூட்டம்.

எனக்கு ஆபீஸுக்கு போன் வந்து, ரயில் பிடித்து நான் வந்தபோது மணி மூன்று. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மன்னி எதிரில்.

"ஏண்டி கொடி போடலை?" என்றார் அண்ணா.

"போட்டேன்னா. பத்து மணிக்கே போட்டேன்."

"மூணு தடவை கஞ்சி வடிச்சேன். மூணு தடவையும் பார்த்தேன். வெறும் சுவர்தான் இருந்தது."

"சத்தியமாப் போட்டேன். மாமனார் மேல ஆணையாச் சொல்றேன்."

அண்ணா கத்துகிற ஆள் இல்லை. கையை மட்டும் நீட்டினார். எதிர்ச்சுவரில் என் படம்.

"அதோ பார். எவ்வளவு பளிச்சுனு தெரியறது! நீ போட்டிருந்தா என் கண்ணுக்குத் தெரியாமப் போகுமா? பதட்டத்துல மறந்துட்டே. மறந்துட்டேன்னு சொல்லு, போறும். போட்டேன்னு சொல்லாதே."

மன்னி படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நீ சொல்லு என்பதுபோல் பார்த்தார்.

எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. செங்கல் நிறச் சுவரில் அரக்குச் சிவப்புப் புடவை. சொல்ல நாலு வார்த்தை போதும். படம் பொய், சுவர்தான் நிஜம். வாய் வரவில்லை. அப்பா கிடக்கிற இடத்தில் இது என்ன பேச்சு, காரியமெல்லாம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக இப்போது சொல்கிறேன். உண்மையில் பயந்தேன். அண்ணா அந்தக் கையை என் பக்கம் திருப்பிவிடுவாரே என்று பயந்தேன். மன்னி தலையைக் குனிந்துகொண்டார்.

பதின்மூன்றாம் நாள் முடிந்த பிறகு, அண்ணாவும் மன்னியும் உறவினர்களை ரயிலேற்றிவிடப் போயிருந்த நேரத்தில், அந்தப் புடவையை எடுத்துப் பின்சுவரில் தொங்கவிட்டேன். மலையேறினேன். மடைப்பள்ளிக்குப் பின்னால் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் வீடு உடனே தெரிந்தது. சுவர் தெரிந்தது. புடவையைக் காணோம். நானே கட்டிவிட்டு வந்த புடவை, எந்த இடத்தில் கட்டினேன் என்று தெரிந்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணைச் சுருக்கி, கையை நெற்றியில் வைத்து, கால்மணி நேரம் தேடினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். படியேறி வந்த பக்தர்கள் வேண்டுதல் போலும் என்று நினைத்து விலகிப் போனார்கள்.

இறங்கி வந்து புடவையை இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதமே பின்சுவரில் ஓதம் இறங்குகிறது என்று ஒரு கதை கட்டி, நானே ஏணி போட்டு வெள்ளையடித்தேன். அண்ணாவுக்கு இந்தச் சுவர், நிறம் எல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை அப்போது. மன்னி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். பக்கெட் காலியானால் தண்ணீர் கலந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு கொடி போடுகிற வேலையே இல்லாமல் போய்விட்டது. டெலிபோன் வந்தது, அப்புறம் செல்போன் வந்தது. ஆனால் அண்ணா மாறிவிட்டார். மன்னியை ஒரு வார்த்தை கடிந்து சொல்லமாட்டார். வேறு மாதிரி. கடைக்குப் போய் வா என்று ஒரு காரியம் சொன்னால், சாயங்காலம் மறுபடியும் கேட்பார்: "நிஜமாப் போனியா?" கேஸை அணைத்தேன் என்று மன்னி சொன்னால், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்பா போன பிறகும் தெரியாமல் நைவேத்தியம் சமைத்தோமே என்கிற குறை வேறு அவருக்கு. செய்தி கேட்ட பிறகுதான் தீட்டு என்று வாத்தியார் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அண்ணாவுக்கு ஆறவில்லை. ஒவ்வொரு வருஷமும் திதியன்று, இலை போட்டுச் சாப்பிட்டு முடித்து, அதே வாக்கியம்: "அன்னிக்கு மட்டும் இவ கொடி போட்டிருந்தா, அப்பா என் கையால ஒரு வாய் ஜலம் குடிச்சிருப்பார்." மன்னி இலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

நான் இதற்கு நடுவில் தொழிலில் நன்றாகவே இருந்தேன். சூரியனைக் குறைக்கக் கற்றுக்கொண்டேன். திரையில் பார்த்து ஒரு நிறத்தையும் முடிவு செய்வதில்லை. சுவரில் ஓரடிக்கு ஓரடி அடித்துக் காயவைத்து, காலையும் மாலையும் பார்த்த பிறகுதான் நம்பர் எழுதிக் கொடுப்பேன். வாடிக்கையாளர்கள் என்னை ரொம்ப நேர்மையான ஆள் என்பார்கள். கேட்கும்போது உடம்பு கூசும். எத்தனை வீட்டுக்கு நிறத்தைச் சரியாகச் சொல்லி என்ன?

ஆறாவது திதியன்று அண்ணா அந்த வாக்கியத்தைத் தொடங்கினார். "அன்னிக்கு மட்டும் இவ..." மன்னி அப்போது எனக்கு மோர் விட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. அந்தக் கையில் வயசு ஏறியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மன்னி போட்டா. நானே போட்டுப் பார்த்தேன், தெரியலை. சுவர் கலர் தப்பு. படம் பொய்ண்ணா" என்றேன்.

சொல்லி முடித்தேன், எல்லாவற்றையும். எரிந்த சூரியன், கிழித்துப் போட்ட பிரின்ட், பெயிண்டர் சொன்னது, மலையில் உட்கார்ந்து அழுதது. அண்ணா எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துபோயிற்று. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மன்னியைத்தான் பார்த்தார்.

"நீ ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே" என்றார் மன்னி. "அன்னிக்கே சொன்னேன்."

அண்ணா எழுந்து கை கழுவப் போனார். கிணற்றடியில் வெகுநேரம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் இலையிலிருந்து எழுந்து மன்னி முன்னால் நின்றேன். என்னை மன்னிச்சுடுங்கோ என்று ஏதோ சொன்னேன். மன்னி மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை தவறாம சாமி படத்தோட சேர்த்து அதையும் தொடச்சுண்டிருக்கேன்டா. ஒரு நாள் நீயே வந்து கழட்டுவேன்னு பார்த்துண்டே இருந்தேன்" என்றார்.